கேஸ் ஷீட்டில் ஒரு வரி: கொடைக்கானல் பாதரசம் எனக்குக் கற்றுத் தந்தது

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி பேத்தி போன் பண்ணினாள். ஹவுஸ் சர்ஜன் ஆகி மூன்று மாதம் ஆகிறது. "அத்தைப் பாட்டி, கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங்ல அட்வகசின்னு ஒரு தலைப்பு குடுத்திருக்காங்க. பத்து நிமிஷம் பேசணும். அட்வகசின்னா என்ன, கவர்மென்ட் மேல கேஸ் போடுறதா?" என்று கேட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. "ராத்திரி எழுதி அனுப்புறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அவளுக்கு மட்டுமான பதிலாக அது நிற்கவில்லை. உங்களில் பலர் இன்று பி.எச்.சி.யிலும் மருத்துவக் கல்லூரியிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிட்டேன்.

முதலில் என் தவறு ஒன்று. என் வகுப்பில் இருந்தவர்களுக்கு இது பழைய கதை. மற்றவர்களுக்குப் புதிது.

1979. தெற்கே ஒரு ஊரில் நான் ஹவுஸ் சர்ஜன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வார்டில் சேர்ந்திருந்தார். கை நடுங்கும். கையெழுத்துப் போடச் சொன்னால் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். அவர் மனைவி, "முன்னெல்லாம் இப்படிக் கோவப்பட மாட்டாரும்மா. இப்ப யாரும் வீட்டுக்கு வந்தாலே உள்ளே போய் ஒளிஞ்சுக்கிறாரு" என்றார். நான் நரம்புத் தளர்ச்சி என்று எழுதி, பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தேன். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று போட்டேன். அந்தக் காலத்தில் பாதி கேஸ் ஷீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கும்.

மறுநாள் ரவுண்ட்ஸில் எங்கள் சீஃப் அவர் ஈறைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஐயா, என்ன கூலி? காலையில போனதும் முதல்ல என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். அவர் ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்ப்பவர். பட்டறைத் தரையில் கூட்டி அள்ளிய தூசியில் தங்கத் துகள் இருக்கும். அதைப் பாதரசம் விட்டுத் தேய்த்தால் தங்கம் பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும். பிறகு அதை அடுப்பில் காய்ச்சினால் பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் தங்கும். இதை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். அந்தப் புகைதான் அவர் கை நடுக்கம், ஈறு, கோபம், கூச்சம் எல்லாம்.

சீஃப் என்னைத் திட்டவில்லை. அந்தக் "கூலி"யைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த வட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் அறையில் ஒரு பெயர் சொன்னார். பெர்னார்டினோ ராமஸ்ஸினி, இத்தாலிய மருத்துவர். 1700-இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னவர் அவர்: நீ என்ன தொழில் செய்கிறாய்? பாதரசம் பூசிக் கண்ணாடி செய்கிறவர்களின் நடுக்கத்தைப் பற்றியும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முன்பு ஒருவர் சொல்லி வைத்த கேள்வியைக் கேட்காமல் நான் டாக்டர் என்று கோட்டு மாட்டியிருந்தேன்.

இப்போது கொடைக்கானலுக்கு வருகிறேன்.

பழனி மலையின் மேல் இருக்கும் அந்த ஊரே உடல்நலத்துக்காக உருவான ஊர். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களை வரிசையாக இழந்தார்கள். முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் பழனி மலைக்கு ஏறி, 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். நல்ல காற்றைத் தேடிப் போய்க் குடியேறிய இடம் அது.

அதே ஊரில் 1983-இல் பாண்ட்ஸ் நிறுவனம் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வைத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தொழிற்சாலையை மூடி, அதன் இயந்திரங்களை இங்கே கொண்டுவந்தார்கள். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், இங்கே கண்ணாடியில் அடைக்கப்படும், தெர்மாமீட்டராகப் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போகும். 1980-களின் பிற்பகுதியில் பாண்ட்ஸ் உலக அளவில் யூனிலீவர் கைக்குப் போனபோது இந்தத் தொழிற்சாலையும் அந்தக் குழுமத்துக்குள் போனது. ஹிந்துஸ்தான் லீவர் என்று நாம் அறிந்த கம்பெனி அது. இப்போது ஹிந்துஸ்தான் யூனிலீவர்.

தொழிற்சாலை இருந்தது செயின்ட் மேரீஸ் சாலையில். அதன் பின்பக்கச் சரிவில் பாம்பார் சோலை. அந்தச் சோலைத் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. கும்பக்கரையில் குளித்த நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

2001 மார்ச் 7. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடைக் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் கழகமும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளியில் கொண்டுவந்தார்கள். ஊர் திரண்டது. அந்த மாதத்திலேயே தொழிற்சாலை வேலையை நிறுத்தியது, பிறகு திறக்கவே இல்லை. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு, பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மறுசுழற்சி ஆலைக்கு, கப்பலில் திரும்பிப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போவது அபூர்வம். அன்று பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாக எழுதின.

குப்பை போய்விட்டது. ஆட்கள் இங்கேயேதான் இருந்தார்கள். சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், ஈறு நோய், கருச்சிதைவு என்று முன்னாள் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குத் தன் ஆலையால் கேடு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்பது கம்பெனியின் நிலை. 2006-இல் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இப்போதுள்ள நோய்களையும் பாதரசத்தையும் இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பின்னர் 2011-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு அதற்கு மாறாக, பாதிப்பு இருக்கிறது என்றது. ஒரே மக்கள், ஒரே ஊர், இரண்டு முடிவு.

ஏன் அப்படி? இந்த இடத்தில்தான் வகுப்பில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவேன்.

பாதரச ஆவியை மூச்சில் இழுத்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் தங்கும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். ஆனால் அந்த வேலையை விட்டுவிட்டால், உடம்பில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறையும். ஒரு வருஷம் கழித்துச் சிறுநீரை எடுத்துச் சோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அது செய்த கேடு உள்ளே இருக்கலாம். அதாவது, ஆதாரம் என்பது வேலை நடக்கிற காலத்தில், அந்த வாரத்தில், அந்த மாதத்தில் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. நிபுணர் குழு பல வருஷம் கழித்து வந்து தேடினால் எதைத் தேடும்? பழைய சீட்டைத்தான் தேடும்.

இன்னொன்று கேளுங்கள். 2003-இல் அணுசக்தித் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானல் மரங்களில் படர்ந்திருந்த பாசியையும் லைக்கனையும் எடுத்துச் சோதித்து, பாதரசம் கூடுதலாக இருப்பதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏரி மீனிலும் பார்த்தார்கள். மரத்துப் பாசி காற்றில் வந்ததை அன்றன்றைக்கு வாங்கிப் பதிந்து வைத்திருந்தது. அதே காலத்தில் எந்தெந்த ஓ.பி. சீட்டில் "தெர்மாமீட்டர் கம்பெனியில் கண்ணாடிப் பிரிவு" என்று யாராவது எழுதியிருப்பார்கள்? நான் வெளியூர்க்காரி, அங்கே யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் அங்கே ஓ.பி. பார்த்திருந்தால் "கூலி" என்றுதான் எழுதியிருப்பேன். 1979-இல் அப்படித்தானே எழுதினேன்.

கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பணம் தர கம்பெனி ஒப்பந்தம் செய்தது. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொன்னது. தொழிற்சாலை நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்றது ஒரு தரப்பு. காட்டுக்கும் நீர்நிலைக்கும் மேலே இருக்கும் இடத்துக்கு அது போதாது என்றது இன்னொரு தரப்பு.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சட்டமே சொல்லியிருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 89. மூன்றாம் அட்டவணையில் ஈயம், பாதரசம், சிலிக்கோசிஸ் என்று ஒரு நோய்ப் பட்டியல். தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்கு அதில் ஒரு நோய் இருப்பதாக எந்த டாக்டர் கருதினாலும், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நோயாளி பெயர், முகவரி, நோய், தொழிற்சாலை பெயர். தெரிவிக்காவிட்டால் டாக்டருக்கு 1000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருந்தது. நோய் உறுதியானால் டாக்டருக்கு ஒரு கட்டணமும் அதில் இருந்தது, அதைத் தொழிற்சாலைக்காரரிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2020-இன் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு, "இதுவரை இப்படி ஒரு ரிப்போர்ட்டை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பேன். முப்பது வருஷத்தில் ஒரு கை உயர்ந்ததில்லை. வைவாவுக்கு மூன்றாம் அட்டவணையை மனப்பாடம் செய்வார்கள். அட்டவணை எதற்கு என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஆனால் ரிப்போர்ட் எழுதுவது சும்மா ஒரு தாளை நிரப்புவது இல்லை. அதில் நோயாளியின் பெயர் போகிறது. அவர் வேலை போகலாம். கொடைக்கானலில் ஆலை நின்றபோது அங்கே சம்பளம் வாங்கியவர்களுக்குச் சம்பளமும் நின்றது. ஆகவே முதலில் நோயாளியிடம் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன எழுதப் போகிறேன், யாருக்கு எழுதப் போகிறேன், அதனால் என்ன நடக்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்காகப் பேசுகிறேன் என்று அவருக்கே தெரியாமல் பேசுவது அட்வகசி ஆகாது.

டாக்டருக்கும் இதில் விலை உண்டு. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனியின் மருத்துவமனைக்குத் தலைவர் ஹாஜிமே ஹொசொகாவா. 1956 மே 1 அன்று, இனம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார மையத்துக்கு அறிக்கை போனது அவருடைய மருத்துவமனையிலிருந்துதான். 1959-இல் தன் கம்பெனியின் கழிவுநீரைப் பூனைக்கு உணவோடு கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனி தடுத்தது. அவரும் அப்போது பேசாமல் இருந்துவிட்டார். 1970-இல், தான் நோயாளியாகப் படுத்திருந்த கட்டிலில் இருந்தபடி, நீதிமன்றத்துக்கு அதைச் சாட்சியமாகச் சொன்னார். அந்த வருஷமே இறந்தார். 1973-இல் தீர்ப்பு பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் வந்தது. அவர் நல்லவரா கெட்டவரா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் 1959-இல் எழுதி வைத்திருந்ததால்தான் 1970-இல் சொல்ல முடிந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்த டாக்டர் ரவி நாராயணும் டாக்டர் தெல்மா நாராயணும் 1984-இல் கம்யூனிட்டி ஹெல்த் செல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இளம் டாக்டர்களை மாதக் கணக்கில் ஊர்களுக்கு அனுப்பி, மக்களோடு இருந்து, உடல்நலக் கொள்கையைப் புரிந்துகொண்டு வாதாடப் பழக்குவது அவர்கள் வேலைகளில் ஒன்று. 2001-இல் கொடைக்கானல் தொழிலாளர்களிடம் முதற்கட்ட உடல்நல விசாரணை செய்ததிலும் அந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. தோல், ஈறு பற்றிய புகார்கள் அப்போதே பதிவாயின.

என் வகுப்பு முறையை மாற்றியதும் அந்தச் சம்பவம்தான். 2001-க்குப் பிறகு ஒவ்வொரு பேட்சையும் பழனி மலைக்கு ஒரு முறையாவது கூட்டிக்கொண்டு போனேன். வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு ஏறும்போது பாதிப் பேர் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? பூம்பாறை பக்கம் ஒரு சின்ன ஊர். பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற படிவயல்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் தெரு முழுக்கத் "தொழில்: கூலி".

மறுநாள் அதே தெருவுக்குத் திருப்பி அனுப்பினேன். எல்லோருக்கும் என் மேல் கோபம். ஆனால் அன்று "கூலி" என்ற ஒரு வார்த்தை பலதாக உடைந்தது. பூண்டு நடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், களை எடுக்கிறவர், மருந்தடிக்கிறவர். மருந்தடிக்கிறவர்கள் வீட்டில்தான் தலைசுற்றல், வாந்தி, கண் எரிச்சல் அதிகம் என்பதை அதிகம் பேசாத ஒரு பையன் கவனித்தான். அடிக்கிற டிரம்மை எங்கே கழுவுகிறார்கள் என்று கேட்டான். ஓடையில். அதற்குக் கீழேதான் குடிதண்ணீர் எடுக்கிற இடம்.

அன்று ராத்திரி எல்லோருமாக ஒரு கடிதம் எழுதினார்கள். பிரதமருக்கு! நான் சிரித்துவிட்டு அடித்துவிட்டேன். "ஓடைக் கரையில் டிரம் கழுவாமல் இருக்க ஒரு தொட்டி கட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர். மருந்து டப்பாவில் இருக்கிற எச்சரிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை யாருடையது? வேளாண்மை உதவி அலுவலர். தலைசுற்றலோடு வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்டு எழுத வேண்டியது யார்? பி.எச்.சி. டாக்டர். மூன்று கடிதம் எழுதினார்கள். ஒவ்வொன்றும் அரைப் பக்கம். என்ன பார்த்தோம், எத்தனை வீட்டில் பார்த்தோம், உங்களால் என்ன முடியும். அவ்வளவுதான். அடுத்த வருஷம் போனபோது தொட்டி வரவில்லை. ஆனால் அந்த பி.எச்.சி.யில் ஓ.பி. சீட்டில் "மருந்தடிப்பவர்" என்று கையால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பஸ்ஸில் இறங்கும் வரைக்கும் அதே பேச்சுதான்.

இன்றைய பாடத்திட்டம் எங்கள் காலத்தைவிட நல்லது. 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நல்ல டாக்டருக்கு ஐந்து முகம் சொல்கிறார்கள்: சிகிச்சை தருபவர், குழுவின் தலைவரும் உறுப்பினரும், தொடர்புகொள்பவர், வாழ்நாள் முழுக்கக் கற்பவர், தொழில் ஒழுக்கம் உள்ளவர். கனடாவின் பட்டியலில் இன்னொரு முகமும் பெயர் சொல்லி இருக்கிறது: மக்கள் நலத்துக்காகப் பரிந்து பேசுபவர். நம்முடையதில் அது தனிப் பெயராக இல்லை. ஆனால் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தில் முதல் வருஷத்திலேயே மாணவர்கள் வீடுகளுக்குப் போகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போய் என்ன கேட்கிறோம் என்பதுதான் மிச்சம்.

தம்பி பேத்திக்கு நான் அனுப்பிய பதில் இது. "கேஸ் போடுறது அட்வகசியோட கடைசிப் படிடா. முதல் படி உன் ஓ.பி. மேஜையிலயே இருக்கு. என்ன கூலின்னு கேளு. கேட்டதைத் தேதி போட்டு எழுது. அதே பதில் மூணாவது ஆள்கிட்ட வந்தா எண்ணத் தொடங்கு. எண்ணினதைச் சரி செய்ய முடிஞ்ச ஆள் யாருன்னு பார்த்து அவருக்கு அரைப் பக்கம் எழுது. அவர் செய்யலைன்னா அவருக்கு மேல இருக்கிறவருக்கு. எல்லாத்துக்கும் முன்னாடி அந்த நோயாளிகிட்ட சொல்லு."

அவள் பேசி முடித்துவிட்டாள். "சார் நல்லா இருந்துச்சுன்னு சொன்னார் அத்தைப் பாட்டி. ஆனா பத்து நிமிஷத்துல ஏழு நிமிஷம் கொடைக்கானல்தான்" என்றாள்.

அந்த மலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாதரசத்துக்காக உலக நாடுகள் 2013-இல் ஒரு உடன்படிக்கை செய்தன. அதற்கு மினமாட்டாவின் பெயர். 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியா ஏற்றது. பாதரசத் தெர்மாமீட்டர் செய்வதை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் ஒன்று. நாம் வார்டில் உதறி உதறிப் பார்த்த அந்தக் கண்ணாடிக் குச்சி இன்று உங்கள் மேஜையில் இல்லை. உடைந்தால் அந்த உருளும் மணியைக் கையால் பொறுக்கி விளையாடிய நர்ஸிங் மாணவிகளை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியவே போவதில்லை.

என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஓ.பி.யில் முதல் நோயாளி "கூலி"ன்னு சொன்னால் நிறுத்தி, "என்ன கூலி?" என்று ஒரு தடவை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். பெயர், ஊர் போட வேண்டாம். நோயாளியின் ரகசியம் இங்கேயும் ரகசியம்தான். எல்லாவற்றையும் படிப்பேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எழுத்து நன்றாகவே தெரிகிறது.

உறவுகள் எல்லோரும் நலம்தானே. மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கம்யூனிட்டி மெடிசின் டீச்சர்